ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு: எதைக் கவனிப்பது, எப்படி நிறுத்துவது

ஸ்டீராய்டு என்றதும் பலருக்கு வரும் முதல் பயம், முகம் உப்பிவிடுமே என்பதுதான். டோஸ் குறைந்தால் முகம் மெல்லப் பழையபடி ஆகிவிடும். எலும்பு தேய்வது, கண்ணில் புரை விழுவது, மதியத்துக்கு மேல் சர்க்கரை ஏறுவது, சிறுநீரகத்துக்கு மேலே இருந்து உடம்புக்கான சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்வது ஆகிய நான்கும் கண்ணாடியில் தெரியாது. கவலைப்பட வேண்டியது இவற்றுக்குத்தான். இவற்றைவிட வேகமாக உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவரக்கூடியது, மாதக்கணக்கில் எடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது. ஆகவே இதைப் படித்து முடித்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நிறுத்துவதற்கென்று ஒரு முறை உண்டு. அதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

இங்கே பேசுவது ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ், சிறுநீரக நோய், தோல் நோய், உறுப்பு மாற்று சிகிச்சை போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டுகளைப் பற்றி. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளரப் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு வேறு வகை.

முதலில் கணக்கு: எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை நாள்

பக்கவிளைவு எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பவை டோஸும் நாட்களும்தான். ஒரு நோட்டில் மருந்தின் பெயர், மி.கி., தொடங்கிய தேதி, டோஸ் மாற்றிய ஒவ்வொரு தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். டாக்டர் மாறும்போது இந்த நோட்டுக்கு மருந்துச்சீட்டைவிட மதிப்பு அதிகம்.

மி.கி. எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பிரெட்னிசோலோன் 5 மி.கி. செய்கிற வேலையை மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெஃப்ளசாகார்ட் சுமார் 6 மி.கி., ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மி.கி., டெக்சாமெத்தசோன் வெறும் 0.75 மி.கி. செய்யும். டெக்சாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரை பார்க்கப் பொடிசு. ஆனால் அது பிரெட்னிசோலோன் 3 மி.கி.க்கும் சற்று மேல். 4 மி.கி. டெக்சாமெத்தசோன் என்றால் பிரெட்னிசோலோன் 25 மி.கி.யைத் தாண்டிவிடும். அதோடு டெக்சாமெத்தசோன் உடம்பில் ஒன்றரை நாளுக்கு மேல் வேலை செய்வதால் அட்ரினலை அழுத்துவதில் முன்னே நிற்கும்.

ஆரோக்கியமான உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால், பிரெட்னிசோலோன் கணக்கில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 மி.கி. இதற்கு மேற்பட்ட அளவு மூன்று நான்கு வாரம் தொடர்ந்தால், ரத்தத்தில் ஸ்டீராய்டு போதுமான அளவு இருக்கிறது என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி முடிவு செய்து, அட்ரினலுக்கு அனுப்பும் ஏசிடிஎச் ஹார்மோனைக் குறைத்துவிடும். கட்டளை வராத சுரப்பி சுருங்கிப்போகும். மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது விழித்துக்கொள்ளாது. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும்.

கணக்கில் விட்டுப்போவது எது தெரியுமா? மூட்டில் போட்ட ஊசி, அதிக டோஸ் இன்ஹேலர், உடம்பின் பெரும்பகுதியில் தடவும் வீரியமான களிம்பு, வருடத்தில் மூன்று நான்கு தடவை எடுத்த “ஒரு வாரக் கோர்ஸ்”. எல்லாம் சேர்ந்துதான் மொத்தக் கணக்கு. இதில் மிக மோசமானது, என்ன மருந்து என்று எழுதாமல் கொடுக்கப்படும் மூட்டுவலிப் பொடி, உடம்பு தேற மாத்திரை, மூச்சிரைப்புக்கான லேகியம். பல வருட வலி இரண்டே நாளில் காணாமல் போய், நிறுத்தினால் இரு மடங்காகத் திரும்பி வந்தால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். 1948-இல் மாயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்தபோதும் இதே அதிசயம்தான் நடந்தது. நடக்கவே சிரமப்பட்டவர் சில நாட்களில் நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்த நிவாரணம் அழற்சியை அடக்கியதால் வந்தது, நோய் குணமாகவில்லை. அப்படிப்பட்ட பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் அதையும் சட்டென்று விடாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

தொடங்கும்போதே எடுத்து வைக்க வேண்டிய அளவுகள்

மூன்று மாதத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால், முதல் வாரத்திலேயே எடை, உயரம், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பொட்டாசியம், கொழுப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உயரம் எதற்கு என்று தோன்றும். முதுகெலும்பு நொறுங்கினால் வலியே இல்லாமல்கூட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையும். முன்பு அளந்து வைக்காவிட்டால் அது தெரியவே தெரியாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், முன்பே எலும்பு முறிந்தவர்களுக்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் தேவை. மறைந்திருக்கும் காசநோய், ஹெபடைடிஸ் பி ஆகிய இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஸ்டீராய்டு இரண்டையும் கிளப்பிவிடும். சின்னம்மை வந்ததுண்டா, தடுப்பூசி போட்டதுண்டா என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

மாத்திரையை எடுக்கும் முறை

ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றால் காலை எட்டு மணிவாக்கில், சாப்பிட்ட பிறகு. உடம்பின் இயற்கையான கார்ட்டிசாலும் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். மாலையில் எடுத்தால் தூக்கம் போகும், அட்ரினலும் கூடுதலாக அடங்கும். குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

காலையில் மறந்துவிட்டால் அன்றே நினைவு வரும்போது எடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய டோஸ் மட்டும் போதும். இரண்டாகச் சேர்த்து எடுக்க வேண்டாம். விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்ப ஒரு டோஸ் எடுக்க வேண்டும். அதுவும் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது கீழே காய்ச்சல் நாட்கள் பகுதியில் இருக்கிறது.

ஸ்டீராய்டு தனியாக வயிற்றுப்புண்ணை உண்டாக்குவது பலர் நினைப்பதைவிடக் குறைவு. அதோடு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை சேரும்போதுதான் ஆபத்து பல மடங்காகிறது. அந்தச் சேர்க்கை தவிர்க்க முடியாதது என்றால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் வகை மாத்திரை கூடவே வேண்டும்.

வேறு மருந்துகளோடு மோதல்: ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை ஸ்டீராய்டை விரைவாகக் கரைத்துவிடும், போட்ட டோஸ் போதாமல் போகும். கீட்டோகொனசோல், இட்ராகொனசோல், கிளாரித்ரோமைசின், ரிட்டோனவிர் ஆகியவை நேர்மாறாக அதை உடம்பில் தேங்க வைக்கும்; ரிட்டோனவிரோடு ஃபுளூடிகசோன் இன்ஹேலர் மட்டும் சேர்ந்தாலே முகம் உப்பி அட்ரினல் அடங்கிப்போகும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. அந்த நாட்களில் குதிகாலுக்கு மேலே வலி கண்டால் நடப்பதைக் குறைத்து, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அதிமதுரம் தொடர்ந்து எடுப்பது பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீராய்டோடு அது வேண்டாம்.

முதல் வாரங்களில் தெரிபவை

பசி, தூக்கமின்மை, படபடப்பு. பிரெட்னிசோலோன் 40 மி.கி.க்கு மேல் போனால் மனநிலை மாற்றங்கள் அதிகம். அளவுக்கு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, சந்தேகம், காரணமில்லாத அழுகை என எப்படியும் வரலாம். எடுப்பவருக்கே அது தெரியாது, எனவே வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். “இது மருந்தால் வந்தது” என்று அறிந்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். இரண்டு இரவு தொடர்ந்து துளியும் தூக்கமில்லை, பேச்சு தடம் மாறுகிறது, தற்கொலை எண்ணம் வருகிறது என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். காலையில் போட்ட பிரெட்னிசோலோன் நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. அதனால் மதியச் சாப்பாட்டிலிருந்து இரவு வரை சர்க்கரை ஏறி, இரவோடு இறங்கி, விடிந்ததும் வெறும் வயிற்றில் 95 என்று காட்டும். “எனக்குச் சர்க்கரை இல்லை” என்று நிம்மதியாக இருப்பவருக்கு மாலை நான்கு மணிக்கு 260 இருக்கும். ஆகவே பரிசோதிக்க வேண்டிய நேரம் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு முன். முதல் மாதத்தில் வாரம் இரண்டு தடவையாவது பாருங்கள். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் தினமும் பார்க்க வேண்டும்; இன்சுலினைக் கூட்டும்போது பகல் நேர டோஸைத்தான் கூட்ட வேண்டியிருக்கும், இரவு டோஸைக் கூட்டினால் விடியற்காலையில் தாழ்ந்துவிடும். இன்னொரு பக்கமும் உண்டு: ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் சர்க்கரை மருந்தையும் திருத்த வேண்டும். மறந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரும்.

மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் அடுத்த சில நாட்களுக்கு இதே ஏற்றம் வரும்.

மாதங்கள் ஆக ஆக

எலும்பு. தேய்மானம் மிக வேகமாக இருப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில். “ஒரு வருடம் போகட்டும், ஸ்கேன் எடுக்கலாம்” என்று காத்திருப்பவர்கள் அந்தக் காலத்தைத்தான் கோட்டைவிடுகிறார்கள். ஸ்டீராய்டு புது எலும்பு கட்டும் செல்களை முடக்குகிறது, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் கால்சியத்தை வெளியேற்றுகிறது. பிரெட்னிசோலோன் 2.5 மி.கி. ஆனாலும் சரி, மூன்று மாதம் தாண்டும் என்றால் பாதுகாப்பு தேவை: உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம், வைட்டமின் டி 600 முதல் 800 யூனிட். கால்சியம் கார்பனேட்டை ஒரே தடவையில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் வீண். உணவோடு பிரித்து எடுங்கள்.

முறிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு எலும்புத் தேய்வைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு முறை 70 மி.கி. கொடுப்பது வழக்கம். அதை எடுப்பதில் ஒழுங்கு முக்கியம்: காலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்காரவோ நிற்கவோ வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் இதைத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று நடுமுதுகில் குத்தும் வலி வந்தால் “பிடிப்பு” என்று தைலம் தேய்த்துக் காலம் கடத்த வேண்டாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடந்தால் இடுப்பு மடிப்பில் வலித்து முழங்கால் வரை இறங்கினால், தொடை எலும்பின் பந்து ரத்த ஓட்டமின்றிச் சிதையத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும்; எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற சொல்லோடு திரும்பி வந்து மாதக்கணக்கில் வலியோடு நடப்பவர்கள் ஏராளம்.

தசை. வாரம் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்: கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். ஐந்து தடவை எழ முன்பு பிடித்த நேரத்தைவிட இப்போது கூடுகிறதா? படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைத் தேடுகிறீர்களா? ஸ்டீராய்டால் வரும் தசை பலவீனத்தில் வலி இருக்காது, தசை சேதத்தைக் காட்டும் சிகே அளவும் ரத்தத்தில் ஏறாது. தொடையும் தோளும்தான் முதலில் தளரும். டோஸைக் குறைப்பதோடு, எழுந்து உட்காரும் இதே பயிற்சியைத் தினமும் செய்வதும் உதவும்.

கண். புரை, கண்ணின் லென்சிலேயே அதன் பின்பகுதியில் விழுகிறது. இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறித் தெரிவதும், பளிச்சென்ற வெயிலில் படிக்க முடியாமல் போவதும் ஆரம்ப அடையாளம். கண் அழுத்தம் ஏறுவதற்கோ அடையாளமே இல்லை. நரம்பு கெட்ட பிறகுதான் தெரியும், போன பார்வை வராது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு தடவை கண் அழுத்தம் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. குடும்பத்தில் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் முதல் இரண்டு மாதத்திலேயே பார்ப்பது நல்லது.

தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போவது, வயிற்றிலும் தொடையிலும் ஊதா வரிகள், முகப்பரு, மாதவிடாய் தடுமாற்றம், காலில் நீர், ரத்த அழுத்தம் ஆகியவையும் வரும். உப்பைக் குறைப்பது கடைசி இரண்டுக்கும் உதவும். வரிகள் நிறம் மங்கும், முழுதாகப் போகாது.

தொற்று: காய்ச்சல் இல்லை என்று நம்பாதீர்கள்

ஸ்டீராய்டு, தொற்றைக் காட்டிக்கொடுக்கும் காய்ச்சலையும் வீக்கத்தையும் சேர்த்தே அடக்கிவிடும். வயிற்றில் குடல் ஓட்டையானால்கூட வயிறு கல்லாக இறுகாமல் மெல்லிய வலியாக மட்டும் இருக்கலாம். எனவே வெப்பமானியில் 99 என்று காட்டினாலும், ஆள் சோர்ந்து, மூச்சு வாங்கி, பேச்சு குழறினால் மருத்துவமனைதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, எடை குறைவு என்றால் காசநோயைத் தேட வேண்டும்.

சின்னம்மை வராதவர், தடுப்பூசியும் போடாதவர், சின்னம்மை அல்லது அக்கி உள்ளவரோடு பழகிவிட்டால் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. உடனடியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்து உண்டு. அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. தட்டம்மைக்கும் இப்படியே.

பிரெட்னிசோலோன் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் இரண்டு வாரம் எடுத்தவர்களுக்கு உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் (எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல்) கூடாது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைத் தாராளமாகப் போடலாம், போட வேண்டும். 20 மி.கி.க்கு மேல் ஒரு மாதத்தைத் தாண்டி, கூடவே வேறு எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்தும் எடுப்பவர்கள், நுரையீரல் தொற்றைத் தடுக்க கோ-ட்ரைமாக்சசோல் தேவையா என்று கேளுங்கள்.

காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை நாட்கள்

நோய் வரும்போது ஆரோக்கியமான அட்ரினல் கார்ட்டிசாலைப் பல மடங்கு சுரக்கும். உறங்கிப்போன அட்ரினலால் முடியாது. ஆகவே அந்த நாட்களில் மாத்திரை கூட வேண்டும். “காய்ச்சலாயிற்றே, ஸ்டீராய்டை நிறுத்திவிடலாம்” என்பது நேர் எதிரான, ஆபத்தான முடிவு. பொதுவான வழி: குறைந்த டோஸில் இருப்பவர் காய்ச்சல் தீரும்வரை அதை இரட்டிப்பாக்குவது; 10 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுப்பவருக்குப் பெரும்பாலும் வழக்கமான டோஸே போதும், அதைக் காலை மாலை என்று பிரித்துக்கொள்வது. உங்களுக்கான அளவை உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தி, பேதி, எழுந்தால் தலைசுற்றல், குழப்பம், மயக்கம் வந்தால் அது அவசரநிலை. பெரியவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசியும் உப்புநீர் டிரிப்பும்தான் சிகிச்சை. அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்.” மருந்து, டோஸ், தொடங்கிய மாதம் எழுதிய அட்டை ஒன்று பர்ஸிலும், அதன் படம் போனிலும் இருக்கட்டும். பல் பிடுங்கும் முன்பும், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் காட்டுங்கள்.

குறைப்பதும் நிறுத்துவதும்

மூன்று வாரத்துக்குள் முடியும் கோர்ஸை, அட்ரினல் கணக்கில் பார்த்தால், டாக்டர் சொன்ன நாளில் அப்படியே நிறுத்தலாம். அதற்கு மேல் என்றால் படிப்படியாகத்தான். நோய் அடங்கியிருந்தால் பிரெட்னிசோலோனுக்கு வழக்கமான வேகம் ஏறக்குறைய இப்படி: 40 மி.கி.க்கு மேல் இருந்தால் வாரம் 5 முதல் 10 மி.கி.; 40-லிருந்து 20 வரை வாரம் 5 மி.கி.; 20-லிருந்து 10 வரை ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு 2.5 மி.கி.; 10-லிருந்து 5 வரை ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு 1 மி.கி.; அதற்குக் கீழே நான்கு வாரத்துக்கு 1 மி.கி. மாடியிலிருந்து இறங்குபவர் கடைசிப் படிகளில் அவசரப்பட்டு இடறுவதுபோல, இங்கேயும் இடறுவது 5 மி.கி.க்குக் கீழேதான். அதுவரை மாத்திரையே உடம்பின் தேவையை ஈடுகட்டிவிடும்; அதன்பின் சொந்தச் சுரப்பி வேலை செய்தாக வேண்டும்.

அந்தக் கட்டத்தில் காலை எட்டு ஒன்பது மணிக்கு, முந்தைய நாள் டோஸிலிருந்து 24 மணி நேரம் விட்டு, அன்றைய மாத்திரையைப் போடும் முன் கார்ட்டிசால் பரிசோதனை செய்யலாம். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி மீண்டுவிட்டது. 5-க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம் குறைந்த டோஸ் தொடர வேண்டும். இடைப்பட்டது என்றால் காத்திருந்து மறுபரிசோதனை. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

குறைக்கும்போது உடம்பு வலி, சோர்வு, எரிச்சல் வருவது சகஜம். அது மருந்து விலகலா (டோஸ் குறைந்ததற்கு உடம்பு பழகும்வரை வரும் தொல்லை), பழைய நோய் திரும்புகிறதா, அட்ரினல் குறைபாடா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய நோய் என்றால் அதே மூட்டு வீங்கும், அதே இடத்தில் படை வரும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறும். அட்ரினல் குறைபாட்டில் பசியின்மை, குமட்டல், எடை குறைவு, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குவது. இந்த இரண்டும் இல்லாமல் வெறும் அசதியும் வலியும் மட்டும் என்றால் பெரும்பாலும் விலகல்தான். முந்தைய டோஸுக்குத் திரும்பி, இன்னும் மெதுவாகக் குறைக்கலாம்.

ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் நோய் திரும்புகிறது என்றால், ஸ்டீராய்டையே நம்பி இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின், மைக்கோஃபீனோலேட், உயிரியல் மருந்துகள் என்று ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மருந்துகள் பல நோய்களுக்கு உண்டு. “இந்த டோஸைக் குறைக்க வேறு மருந்து சேர்க்கலாமா?” என்பது ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி. தயங்காமல் கேளுங்கள்.

இன்ஹேலர், களிம்பு, குழந்தைகள்

இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்; விழுங்க வேண்டாம். அழுத்தி இழுக்கும் வகைக்கு ஸ்பேசர் சேர்த்தால் தொண்டையில் வெள்ளைப் படலமும் குரல் கம்மலும் குறையும். இதற்குப் பயந்து இன்ஹேலரை விட்டு, பிறகு மாத்திரைக்குப் போவதுதான் பெரிய நஷ்டம்.

களிம்புக்கு அளவு உண்டு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகத்திலும் தொடை இடுக்கிலும் தோல் மெல்லியது, வீரியமான களிம்பு அங்கே கூடாது. படர்தாமரை மேல் தடவினால் அரிப்பு அடங்கி, பூஞ்சை உருமாறிப் பரவும்.

குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறியுங்கள். கோடு தட்டையானால் டோஸையோ, ஒருநாள் விட்டு ஒருநாள் முறையையோ பற்றிப் பேச வேண்டும். கர்ப்பம் தரித்தது தெரிந்தவுடன் தானாக நிறுத்தாமல் சொல்லுங்கள். பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். டெக்சாமெத்தசோன் அப்படியே குழந்தைக்குப் போகும்.

கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு அந்த அட்டையைப் பர்ஸிலிருந்து எடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் விபத்தோ, பெரிய காய்ச்சலோ, அறுவை சிகிச்சையோ வந்தால், “இந்தத் தேதி வரை எடுத்தேன்” என்று காட்டினால்தான் ஊசி தேவையா என்று பார்ப்பார்கள்.